பதின்மூன்று புள்ளிகளும் ஒரு பேனரும்

புதிதாக ஆய்வு மாணவர்களை ஏற்றுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நம் கணித விரிவுரையாளர் குழுவில் போன மாதம் உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள்: "என் முதல் பி.எச்.டி. மாணவர் வரப்போகிறார். பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா மேடம்?" அன்றைக்கே எழுதியிருக்கலாம். உட்கார்ந்தால் அலுப்பாக வந்தது. ஓய்வு பெற்றுத் தானா ராத்தா மலை நகரில் வீடு எடுத்துத் தங்கிய பிறகு, பல்கலைக்கழக விதிகள் எதையும் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பட்டியல் இதுதான். முதலில் சில பாடங்கள், அவற்றில் ஒரு தகுதித் தேர்வு. பிறகு ஆய்வுத் திட்டத்தை ஒரு குழுவின் முன் வைத்து அவர்களுடைய கேள்விகளைத் தாங்க வேண்டும். தரமான ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரைகள் வர வேண்டும். ஆய்வேட்டை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் படிப்பார்கள். கடைசியில் வாய்மொழித் தேர்வு. எல்லாம் கால வரம்புக்குள் முடிய வேண்டும்; முடியாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். உங்கள் இடத்தில் ஒன்றிரண்டு மாறலாம். கையேட்டைப் பாருங்கள்.

அதே கையேட்டில் இன்னொரு வரியும் இருக்கும்: ஆய்வேடு அந்தத் துறைக்குப் புதிய, சொந்தப் பங்களிப்பாக இருக்க வேண்டும். எல்லாருடைய ஆய்வேட்டிலும் அந்த வரிக்கு நேராக 'உண்டு' என்று எழுதியிருக்கிறேன். அது உண்மையில் என்ன கேட்கிறது என்று ஒரே ஒரு தடவைதான் கண்ணால் பார்த்தேன். அதை எழுதுகிறேன். பட்டியலைவிட உங்களுக்கு அது உதவும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

ரேணுகா இந்தத் தானா ராத்தாவில் ஓர் இடைநிலைப் பள்ளியின் கணித ஆசிரியை. குடியிருப்பது பக்கத்திலிருக்கும் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில். மாமனார் அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். கணவர் சேகர் லோரி ஓட்டுகிறார். கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் கோஸ் ஏற்றிக் கோலாலம்பூர் சந்தையில் இறக்கிவிட்டு வருவார்.

ரேணுகா என்னிடம் பகுதி நேர மாணவியாகச் சேர்ந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிச் சமவெளியில் இருந்த என் அறைக்கு வருவாள். வளைவுகளில் வயிறு புரட்டாமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாள். அவள் நீட்டுகிற தாள்களிலெல்லாம் எலுமிச்சை வாசனை வரும். அந்தத் தாள்களில் முதலில் நான் தேதி போடுவேன், பிறகுதான் படிப்பேன். "மேடம் தேதி போடாம தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க" என்று சேகர் என்னைக் கிண்டல் செய்வார். இது என் குணம். எது எப்போது நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது.

பிரசவத்துக்காக ஒரு தடவை, மாமியாரின் கடைசி நோய்க்காக ஒரு தடவை என்று ரேணுகாவுக்குக் கால நீட்டிப்பு கிடைத்திருந்தது. மூன்றாவது கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஏழாவது ஆண்டில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். அந்தப் பருவம் முடிவதற்குள் வாய்மொழித் தேர்வு நடந்தாக வேண்டும்.

அவளுடைய ஆய்வு வலைகளைப் பற்றியது. மீன் வலை இல்லை. தாளில் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். அவற்றில் ஒரு குறிப்பிட்ட வகையை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆய்வேட்டின் உயிர் நான்காம் அத்தியாயம். அது வேறொருவர் எழுதிய ஒரு துணைத்தேற்றத்தின் மேல் நின்றது. 'இந்த வகை வலை எதுவானாலும், எடுத்துவிடக்கூடிய புள்ளி அதில் ஒன்றாவது இருக்கும்; அதை எடுத்தாலும் மிச்சமிருப்பது இதே வகையாகவே இருக்கும்' என்பது அதன் சாரம். அது சரியானால், எவ்வளவு பெரிய வலையையும் புள்ளி புள்ளியாகச் சின்னதாக்கிக்கொண்டே போய், வேண்டியதை நிரூபித்துவிடலாம்.

அந்தத் துணைத்தேற்றத்தை எழுதியவர் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர். இத்துறையில் பெரிய ஆள். அவருடைய நிரூபணம் 'மீதி எளிதில் காணலாம்' என்று முடிந்திருந்தது. நம் தொழிலில் இது ஒரு பழக்கம். பெரியவர் ஒருவர் 'எளிது' என்று எழுதிவிட்டால், எனக்குத் தெரியவில்லையே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நாட்டு வரைபடங்களுக்கு நான்கு வண்ணம் போதும் என்பதற்கு எழுதப்பட்ட முதல் நிரூபணமே பத்தாண்டுக்கு மேல் எல்லாருடைய தலையாட்டலிலும் நின்று, பிறகுதான் விழுந்தது. இதையும் பலர் எடுத்தாண்டிருந்தார்கள்.

வெளித் தேர்வாளராகப் பல்கலைக்கழகம் அவரையே நியமித்தது. இந்த வகை வலைகளைத் தெரிந்தவர் அவரை விட்டால் யார்?

தேர்வு மார்ச் மாதத்தில், ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை ரேணுகா போன் செய்தாள்.

"மேடம், சாப்டிங்களா?"

"சொல்லும்மா."

"சிலைடுக்கு ஒரு படம் போட்டேன் மேடம். எங்க தோட்டத்தையே போட்டா வீட்டுல உள்ளவங்களுக்கும் புரியும்னு. ஃபேக்டரி, கோயிலு, லயம், கொழுந்து நிறுக்கிற கொட்டாயி எல்லாம் புள்ளி. ரோடு எல்லாம் கோடு."

"நல்லதுதானே."

"நல்லது இல்ல மேடம். ஒரு புள்ளியையும் எடுக்க முடியல."

எனக்கு உடனே புரியவில்லை. எங்கேயாவது ஒரு கோட்டை விட்டிருப்பாய், மறுபடி பார் என்றேன்.

"முந்தா நாள்லேருந்து பாக்குறேன். பதிமூணு புள்ளி. பதிமூணையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டேன். எத எடுத்தாலும் வகை கெட்டுப் போவுது. மண்ணு சரிஞ்சி மூடுன பழைய ரோடு ஒண்ணு இருக்கு. படம் அழகா வரட்டும்னு அதயும் போட்டேன். அது இல்லன்னா ஒண்ணும் ஆவல. அது இருந்தாத்தான் இப்பிடி. போடாமலே இருந்திருக்கலாம் மேடம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் ஆறுதல் சொல்லாதீர்கள். அவள் போட்ட கணக்கையும் பார்க்காதீர்கள். படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, உங்கள் கையால் முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். அடுத்தவர் கணக்கைப் பார்த்தால் கண் அவர் போன வழியிலேயே போகும்.

லயத்து வீட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். வெளியே மழை. சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரேணுகாவின் மாமனார் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், 'டாக்டர்'னு போடுறதா, 'முனைவர்'னு போடுறதா?"

"எதுலய்யா?"

"பேனர்லதான். தோட்டத்து முகப்புல கட்டணும் லா. டவுன்ல கடையில சொல்லியாச்சு."

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது இது ஒரு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளில் யாராவது பெரிய படிப்பை முடித்தால், படமும் பெயரும் தேதியும் போட்டு, சாலையில் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி பேனர் கட்டுவார்கள்.

"கொஞ்சம் பொறுங்களேன்யா. புதன்கிழமை ஆகட்டும்."

"பொறுக்க என்ன இருக்கு? கொடுத்த புஸ்தகம் கொடுத்தாச்சு. போயி வாயால சொல்லணும். எங்க மருமவளுக்கு வாய் இல்லியா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டயும் போடச் சொல்லிட்டேன். 'முனைவர் டாக்டர்'னு" என்றார்.

ரேணுகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொன்னது சரி. நான் போட்டுப் பார்த்த சின்ன வலைகள் எல்லாம் பேராசிரியர் சொன்னபடியே நடந்துகொள்கின்றன. பதின்மூன்றில், இந்த ஒரு வலை நடந்துகொள்ளவில்லை. ஒன்று போதும். நான்காம் அத்தியாயம் விழுந்தது. ஐந்தில் பாதி விழுந்தது. வெளிவந்திருந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்றும் அதோடு போயிற்று. மூன்றாம் அத்தியாயம் மட்டும் நின்றது.

பட்டியலை நினைவில் வைத்திருக்கிறீர்களா? ஒரே படத்தால் கட்டுரை நிபந்தனையும் கெட்டது, ஆய்வேடும் கெட்டது.

அலுவலகத்துக்குப் போன் செய்து, யாருக்கு என்று சொல்லாமல், கொடுத்த ஆய்வேட்டைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் இந்தப் பருவத்தோடு பதிவு முடிந்துவிடும் என்றார்கள். தேர்வாளருக்கு முன்கூட்டிச் சொல்லலாமா? கூடாது. தேர்வுக்கு முன் வழிகாட்டி தேர்வாளரோடு பேசவே கூடாது. அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை.

பிறகு துறைத் தலைவரை அழைத்தேன். அவர் நல்லவர். பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னது இதுதான்: இரண்டு தேர்வாளர்களும் படித்து அறிக்கை அனுப்பிவிட்டார்கள், இரண்டும் சாதகமாக இருக்கின்றன. எழுதியவருக்கே தெரியாத ஓட்டையைப் புதன்கிழமை காலையில் யார் கேட்கப்போகிறார்கள்? தேர்வு முடிந்ததும் சிறு திருத்தங்களுக்கு அவகாசம் கொடுப்பார்கள். அப்போது ஒரு நிபந்தனையைச் சேர்த்துத் தேற்றத்தைச் சுருக்கிவிடலாம். யாரும் பொய் சொல்லவில்லை. எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி.

போனை வைத்துவிட்டு வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாதத்தில் ஓட்டை தேடினேன். எளிதில் அகப்படவில்லை.

சனிக்கிழமை காலை தானா ராத்தாவில் ஒரு பாய் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சேகர் சந்தைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. ரேணுகா மேசையில் படத்தை விரித்தாள். சேகர் அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நம்ம வீடு எங்க இருக்கு?"

"இந்தா, ஒம்பதாவது புள்ளி."

"சரி. இந்த மூடுன ரோட்ட அழிச்சிடு. எந்த லோரியும் அதுல போவ முடியாது. நான் ஓட்டுறவன், எனக்குத் தெரியும்."

"தோட்டத்துல இல்லன்னா என்னங்க, தாள்ல இருக்குல்ல."

"தாள்ல நீதானே போட்ட?"

பாய் மூன்று குவளைத் தேநீரையும் ரொட்டியையும் வைத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நெலம் பிரிக்கிறீங்களா? யாருக்கு எது?"

"எல்லாம் இவளுக்குத்தான் பாய்" என்றார் சேகர். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சேகர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. இவ சொல்லாம இருந்தா பாஸா?"

"அநேகமா பாஸ்."

"சொன்னா?"

"தெரியாது. ஃபெயில்கூட ஆகலாம். அப்படி ஆயிட்டா அதோட முடிஞ்சிரும், மறுபடி சேர முடியாது."

"அந்தப் புரொஃபசர் கண்டுபிடிச்சிருவாரா?"

"சந்தேகம்தான்."

"அப்பறம் எதுக்கு மேடம் இந்த சூசா, தொல்ல எல்லாம்?" அவர் குரல் உயர்ந்தது. "ஏழு வருசமா பஸ்ஸுல இறங்கி ஏறினா. எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவங்க கட்டில் ஓரத்துல உக்காந்து எழுதினா. பதிமூணு புள்ளிக்காக எல்லாத்தயும் தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

"நான் எதையும் சொல்லல சேகர்."

அது உண்மை. நான் சொல்லவில்லை. இந்த இடத்தைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச ஆசை. ஆனால் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு வழிக்கும் என்ன விலை என்று மறைக்காமல் சொல்லுங்கள். துறைத் தலைவரின் வாதத்தையும் அவர் சொன்ன பலத்தோடேயே சொல்லுங்கள்; நான் சொன்னேன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'நான் உன் இடத்தில் இருந்தால்' என்று தொடங்காதீர்கள். அவள் இடத்தில் நீங்கள் இல்லை. சொல்லச் சொல்லிவிட்டு அவள் தோற்றாலும், மறைக்கச் சொல்லிவிட்டு அவள் ஜெயித்தாலும், மறுநாள் காலை உங்களுக்குச் சம்பளம் வரும்.

ரேணுகா தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகு கணவரிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை.

"நான் மறைச்சி பாஸாயிட்டேன்னு வைங்க. என் புஸ்தகம் லைப்ரரியில இருக்கும். எங்கயோ ஒருத்தி அத எடுத்துப் படிச்சி, இது சரின்னு நம்பி, அவ ஒரு ஏழு வருசம் போடுவா. பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டு."

"பின்னாடி திருத்திக்கலாம்னு அந்தத் துறைத் தலைவரு சொன்னாராம்ல?"

"திருத்தலாம். நிபந்தனய சேத்துக்கலாம். ஏன் சேத்தேன்னு எழுதணும்ல? எழுதினா, பரீச்சைக்கு முன்னாடியே தெரியும்னு தெரிஞ்சிரும். எழுதலன்னா, அந்தப் புரொஃபசரு தேற்றம் அப்பிடியே நிக்கும்."

துறைத் தலைவரின் வாதத்தில் நான் தேடிய ஓட்டை அதுதான். நான் வெள்ளிக்கிழமை மாலை முழுக்கத் தேடியும் கிடைக்காதது.

சேகர் படத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். "கோவத்துல இருக்கேன். அதுக்காக வேணாம்னு சொல்லல" என்றார். "சாப்புடு. ரொட்டி ஆறிப்போவுது."

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் இடிபாட்டில் எதை மீட்கலாம் என்று பார்த்தோம். ஒரு கூடுதல் நிபந்தனையோடு, பழைய தேற்றத்தின் ஒரு சின்ன பகுதி நின்றது. முன்பு எல்லா வலைகளையும் பற்றிப் பேசியது, இப்போது ஒரு மூலையைப் பற்றி மட்டும் பேசியது. அழகும் போயிற்று. 'இன்னது இருந்து, இன்னது இல்லாமல், இன்னதும் பொருந்தினால்' என்று வாக்கியம் நீண்டுகொண்டே போனது.

புதன்கிழமை காலை. அறையில் தேர்வுக் குழுத் தலைவர், உள் தேர்வாளர், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர். வழிகாட்டி என்ற முறையில் எனக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி; பேச உரிமை இல்லை. ரேணுகா எழுந்து வணக்கம் சொன்னாள். முதல் சிலைடிலேயே எழுதியிருந்தாள்: 'நான்காம் அத்தியாயத்தின் முதன்மைத் தேற்றம் தவறு.' அடுத்த சிலைடில் தோட்டம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். தன் கட்டுரையின் வரையறை இப்படிப்பட்ட வலைகளை விலக்கிவிடுகிறது என்றார்.

"எந்த வரியில் பேராசிரியர்?" என்று ரேணுகா கேட்டாள். எதிர்த்துக் கேட்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் எந்தப் பக்கம் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அவர் தன் கட்டுரையைக் கணினியில் திறந்து தேடினார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு எழுந்து போய், வெண்பலகையில் அந்தப் படத்தைத் தன் கையால் வரைந்து, ஒவ்வொரு புள்ளியாக அழித்தும் போட்டும் பார்த்தார். அதற்காக அவரை நான் மதித்தேன்; அவளுடைய கணக்கை அவர் பார்க்கவில்லை. முடிந்ததும் சற்று இடைவேளை வேண்டும் என்று கேட்டு, ஜன்னல் ஓரமாகப் போய்ப் புட்டித் தண்ணீரைக் குடித்தார்.

கதைகளில் இந்த இடத்தில் பெரியவர் வந்து கைகுலுக்குவார். அவர் செய்யவில்லை. உட்கார்ந்து, மூன்றாம் அத்தியாயத்தில் வரிக்கு வரி கேள்வி கேட்டார், முன்னைவிடக் கடுமையாக. அநியாயமான கேள்வி ஒன்றுகூட இல்லை. கனிவானதும் ஒன்றும் இல்லை. ரேணுகா பதில் சொன்னாள். இரண்டு இடங்களில் தெரியவில்லை என்று சொன்னாள்.

முடிவு: தேர்ச்சி இல்லை. ஆய்வேட்டை மாற்றி எழுதி ஓர் ஆண்டுக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். மறுபடியும் வாய்மொழித் தேர்வு. அந்த முடிவு வந்தால் பதிவு தானாக ஓர் ஆண்டு நீளும் என்ற விதி அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அலுவலகத்தில் நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதால் அவர்கள் சொல்லவில்லை.

துறைத் தலைவர் நடைவழியில் என்னைப் பார்த்து, "சொல்லாமல் இருந்திருந்தால் இன்றோடு முடிந்திருக்கும்" என்றார். குத்திக்காட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சேகர் கோஸ் ஏற்றப் போயிருந்ததால் ரேணுகாவை நானே காரில் மேலே கொண்டுபோய் விட்டேன். தோட்டத்து முகப்புக்குத் திரும்புகிற வளைவில் பேனர். இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே, சாலையின் அகலத்துக்கு. 'முனைவர் டாக்டர் ரேணுகா' என்று பெரிதாக. இளங்கலைப் பட்டமளிப்பில் எடுத்த படம். கீழே அன்றைய புதன்கிழமையின் தேதி.

"கொஞ்சம் நிறுத்துங்க மேடம்."

நிறுத்தினேன். மழைத் துளி விழுந்த கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னமெல்லாம் உப்பியிருக்கேன்" என்றாள்.

மாமனார் குடையோடு ஓடி வந்தார். பின்னால் லயத்து ஆட்கள் நாலைந்து பேர். "என்னம்மா, பாஸ்தானே?"

"இல்ல மாமா. இன்னும் ஒரு வருசம் ஆவும்."

அவர் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, மரத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். மழையில் இறுகிப்போன முடிச்சு. வெகு நேரம் அவிழ்த்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. போனால் அவர் மனசு கஷ்டப்படும் என்று நின்றார்கள் போல.

கொஞ்ச நாளில் அந்தப் பேனர் சேகரின் லோரிக்குப் போனது. நல்ல தடித்த துணி, வீணாக்க வேண்டாம் என்று, படமும் எழுத்தும் உள்ளே இருக்கும்படி மூட்டைகள் மேல் போட்டுக் கட்டினார். ஓராண்டு முழுக்க ரேணுகா கோஸைப் பார்த்துக்கொண்டே கோலாலம்பூருக்குப் போய் வந்தாள் என்று சொல்லலாம்.

அந்த ஓராண்டைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். விழுந்த கட்டுரையை இதழுக்கு எழுதித் திரும்பப் பெற்றோம். அதற்கு ஈடாக, அந்தப் பதின்மூன்று புள்ளிப் படத்தையே ஒரு சிறிய கட்டுரையாக எழுதி அனுப்பினாள். ஏற்றுக்கொள்ள மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். இதற்குள் பேராசிரியர் தன் துணைத்தேற்றத்துக்குத் திருத்தம் வெளியிட்டார். கடைசியில் ஒரு வரி: பிழையைச் சுட்டிய மாணவிக்கு நன்றி. பெயர் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ரேணுகாவுக்கு வரவில்லை. "இருக்கட்டும் மேடம். இனிமே யாரும் அத நம்பி எறங்க மாட்டாங்க லா" என்றாள்.

இரண்டாவது தேர்வு மறு ஆண்டு ஏப்ரலில். அதே பேராசிரியர், இந்தத் தடவை திரை வழியாக. தேர்ச்சி, எழுத்துப் பிழைகள் மட்டும் திருத்தச் சொன்னார்கள். ஆய்வேடு முன்பு இருந்ததில் முக்கால்வாசிதான். முன்னுரையில் அந்தப் படத்தையும், அதில் எது தவறு, ஏன் தவறு என்பதையும் எழுதியிருந்தாள். எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மாணவர்களில் யாராவது இந்த வகை வலைகளைத் தொட்டால் முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் கடைசியாகக் கையெழுத்திட்ட ஆய்வேடு அது. ஓய்வு பெற்று இங்கே வந்த முதல் வாரம் தோட்டத்துக்குப் போனேன். சேகர் லயத்துக் குழாயடியில் பேனரை விரித்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெர்த்தாம் மண் ஓரங்களில் ஊறிப் பழுப்பேறியிருந்தது. கயிறு இழுத்த இடங்களில் கிழிசல். ரேணுகாவின் ஒரு கன்னத்தில் மடிப்பு விழுந்திருந்தது.

"புதுசு போடலாம்டா. இத எப்பிடிக் கட்டறது?" என்றார் மாமனார்.

"எதுக்கு? பேரு சரியா இருக்கு. மூஞ்சி சரியா இருக்கு. தேதி மட்டும்தாம்பா தப்பு. மேல ஒரு தாள் ஒட்டி எழுதிருவோம்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "மேடம்தான் தேதியில கெட்டியாச்சே. சரியான தேதிய சொல்லுங்க மேடம், எழுதிருவோம்."

மூன்று தேதிகள் என் நாக்கு நுனியில் இருந்தன. ஏப்ரலில் தேர்ச்சி பெற்ற நாள். பல்கலைக்கழகப் பேரவை பட்டத்தை அங்கீகரித்த நாள். சான்றிதழில் அதுதான் இருக்கும். பட்டமளிப்பு நாள். விதிப்படி இரண்டாவதுதான் சரி. என்னிடம் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

குனிந்து பேனரைப் பார்த்தேன். மண் கறைக்கு அடியில், போன வருடத்து மார்ச் மாதப் புதன்கிழமை, 'தேற்றம் தவறு' என்று அவள் எழுதிக் காட்டிய நாள், தெளிவாகவே இருந்தது.

"ஒட்ட வேண்டாம்யா. அந்தத் தேதி சரிதான்" என்றேன்.

சேகர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். ரேணுகா ஒரு முனையைத் தூக்கினாள். அவர் மறுமுனையைத் தூக்கினார். சொட்டச் சொட்ட இருவரும் முகப்புக்குக் கொண்டுபோனார்கள். பெரியவர் மரத்தடியில் கயிற்றோடு காத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல கட்டுங்க மாமா" என்றாள் ரேணுகா. "லோரி போவணும்."